நிறுத்து, நிறுத்து!

அன்புள்ள புனே அனிமே கூட்டத்தாருக்கு,

கட்கியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள், ராஸ்தா பேட்டில் பாட்டி வீடு உள்ளவர்கள், என்னைப் போல ஹிஞ்சவாடிக்கு வேலைக்கு வந்து சில வருஷம் வாடகை கட்டிவிட்டு ஊர் திரும்பியவர்கள் என எல்லோரையும் சேர்த்தே எழுதுகிறேன். ஒருவர் விடாமல் படித்துவிட்டுத் திட்டலாம்.

நீங்கள் அனுப்பிய பட்டியல் வந்து சேர்ந்தது. 2010 முதல் 2019 வரை வந்த அனிமேக்களில் மறக்க முடியாத பத்து, ஆளுக்கொரு ஓட்டு, சிங்ககட் சாலைப் பூங்காவில் கூடி முடிவு சொல்வது என்று ஏற்பாடு. ‘அட்டாக் ஆன் டைட்டன்’ முதலில் நிற்கிறது. ‘ஸ்டைன்ஸ் கேட்’, ‘ஒன் பஞ்ச் மேன்’, ‘டீமன் ஸ்லேயர்’ என்று பின்னால் வரிசை. குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் என் குறை. மணிலாவில் ஒருவர் உட்கார்ந்து போட்டாலும் இதே பட்டியல்தான் வரும். சாவோ பாலோவில் போட்டாலும் அதே. இதற்கு நாம் எதற்கு சிங்ககட் சாலை வரை போக வேண்டும்?

எனவே நான் ஓட்டுப் போடவில்லை. அதற்குப் பதிலாக வேறு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். எந்த அனிமேயைப் பார்க்கும்போது நாம் அதிக முறை நிறுத்தினோம் என்ற கணக்கு.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது விளங்காது, சொல்லிவிடுகிறேன். கர்வே நகரில் மூன்றாம் மாடி அறை. பி.எஸ்.என்.எல். இணைப்பில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை கணக்கில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்ற காலம் அது. ஜியோ வந்தது 2016 செப்டம்பரில்தான். அதுவரை இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, இறக்கத்தைத் தட்டிவிட்டு மறுபடி படுப்போம். சனிக்கிழமை இரவு மடிக்கணினியைச் சுற்றி ஐந்தாறு பேர். கேட்பது ஜப்பானியம், கீழே ஓடுவது ஆங்கிலம், சன்னலுக்கு வெளியே மராத்தி, அறைக்குள் தமிழ். யாரோ முகம் தெரியாத ரசிகர்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போட்ட ஆங்கில எழுத்துகளை நம்பித்தான் பாதிக் காலம் ஓட்டினோம்.

நம் நடுவில் கட்கி அக்கா இருந்தார். வேலை முடிந்து ரானடே இன்ஸ்டிட்யூட்டில் ஜப்பானியம் படித்துக்கொண்டிருந்தவர். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று எட்டி ஸ்பேஸ் பாரைத் தட்டுவார். “நிறுத்து, நிறுத்து. கீழே எழுதியிருக்கிறது அவன் சொன்னதுல பாதிதான்.” பிறகு அந்த ஒரு வரியைத் தமிழில் சொல்வார். இருபத்து நான்கு நிமிட அத்தியாயம் ஒன்றே கால் மணி நேரம் ஆகும். அப்போது எரிச்சலாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். இப்போது யோசித்தால், அந்தப் பத்தாண்டில் நமக்கென்று இருந்தது அந்த நிறுத்தங்கள்தான்.

இது புனேயில் நடந்ததும் தற்செயல் இல்லை. ஜப்பானியம் கற்பதில் இந்த ஊருக்கு நாட்டிலேயே தனிப் பெயர் உண்டு. பெர்குசன் கல்லூரிச் சாலையில் ரானடே, இன்னொரு பக்கம் திலக் மகாராஷ்டிர வித்யாபீடம், ஜப்பானிய ஆசிரியர்களுக்கென்றே ஒரு சங்கம், ஜப்பானிய மொழித் தேர்வுக்கு இங்கேயே மையம். அந்தத் தேர்வு என்5 தொடங்கி என்1 வரை ஐந்து நிலைகளாக மாறியதும் 2010இல்தான். நம் பத்தாண்டும் அந்தப் புதிய தேர்வும் ஒரே வயது. வாகனத் தொழிற்சாலை வேலைக்காகப் படித்தவர்கள் ஒரு பக்கம் உட்கார, அனிமேவுக்காகச் சேர்ந்தவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். அந்தக் கடைசி வரிசைக்காரர்களில் ஒருவன், பெயர் வேண்டாம், உங்கள் நடுவில்தான் இருக்கிறான், முதல் வாரமே ஆசிரியையைப் பார்த்து ‘ஒமாயே’ என்று கூப்பிட்டான். நம் ஊர்ப் பள்ளியில் டீச்சரை “ஏய், உன்னைத்தான்” என்று கூப்பிடுவதற்குச் சமம். சண்டைத் தொடர்களில் மொழி படித்தால் வாய் அப்படித்தான் போகும்.

ஆங்கில எழுத்துக்கு இந்த ஏற்றத்தாழ்வு தெரியாது. அதற்கு எல்லோரும் ‘யூ’தான், எல்லோரும் ‘ஐ’தான். நமக்கு அப்படியா? நீ, நீங்க, டா, டி, அண்ணே, அக்கா, சார் என்று ஒரு வாக்கியத்திலேயே ஆளின் உயரத்தை அளந்துவிடுகிறவர்கள் நாம். ஜப்பானியரும் அதே ஜாதி. அதனால்தான் அக்கா நிறுத்தினால் நமக்கு உடனே பிடிபட்டது.

என் கணக்கில் முதலிடம் ‘ஹன்டர் ஹன்டர்’. 2011இல் தொடங்கி 2014 வரை 148 அத்தியாயங்கள் ஓடியதே, அது. எறும்புகளின் அரசன் மெருவெமும் பார்வையில்லாத அந்தப் பெண் கொமுகியும் எதிரெதிரே உட்கார்ந்து பலகை விளையாடும் பகுதி. ஆங்கிலத்தில் இருவரும் ஏறக்குறைய ஒரே மொழிதான் பேசுகிறார்கள். அக்கா நிறுத்தினார். அரசன் தன்னைச் சொல்வது ‘யோ’ என்று. மன்னர்கள் மட்டும் சொல்லும் ‘நான்’. நம் சரித்திர நாடகத்தில் வருகிற ‘யாம்’. அந்தப் பெண் சொல்வது வழக்கமான ‘வதாஷி’கூட இல்லை, நாட்டுப்புற இழுப்பில் ‘வதாசு’. “சிம்மாசனத்துல உக்காந்து யாம் யாம்னு பேசறவன் முன்னாடி ஒரு பட்டிக்காட்டுப் பொண்ணு ‘நானுங்க’ன்னு பேசறா. அவ பேர் என்ன தெரியுமா? கொமுகின்னா கோதுமை.” அறை சிரித்தது, பிறகு அமைதியானது. உலகத்தையே தின்ன வந்தவன் கோதுமை என்ற பெயருள்ள பெண்ணிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறான் என்பது, அந்த ‘யாம்’ தெரிந்த பிறகுதான் எனக்கு வலித்தது. கடைசி ஆட்டத்தை எத்தனை முறை நிறுத்தினோம் என்று நினைவில்லை. பாதி நேரம் விளக்கத்துக்காக, மீதி நேரம் யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் இருப்பதற்காக.

‘அட்டாக் ஆன் டைட்டன்’ உங்கள் பட்டியலில் முதலிடம். என் கணக்கில் அதில் ஒரே ஒரு நிறுத்தம்தான், ஆனால் அது ஆறு வருஷ நிறுத்தம். 2013இல் முதல் அத்தியாயம் முடிந்ததுமே அக்கா கேட்டார்: “இந்தத் தலைப்பு எனக்கு இடிக்குது. ‘ஷிங்கெகி நோ க்யோஜின்’னா முன்னேறித் தாக்கற பூதம். பூதத்தின் மேல தாக்குதல்னு இங்கிலீஷ்ல ஏன் வந்துச்சு?” ஆங்கிலத் தலைப்பு ஜப்பானிய மாங்கா அட்டையிலேயே இருக்கிறது, தவறாக இருக்காது என்று வாதாடினோம். சரி என்று விட்டுவிட்டார். 2019 ஜூனில் மூன்றாம் பருவத்தில் அந்தப் பெயர் கதைக்குள்ளேயே வந்து விழுந்தது. முன்னேறித் தாக்கும் பூதம் என்பது எரனுக்குள் இருக்கும் பூதத்தின் பெயர். தலைப்பு முதல் நாளிலிருந்தே கதாநாயகனைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அப்போது அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கையை மட்டும் நீட்டினார், ஆறு வருஷ வாதத்துக்கு ஒரு மசாலா தோசை.

அடுத்தது உங்கள் பட்டியலில் இல்லவே இல்லாத ஒன்று. 2016இல் வந்த ‘ஷோவா கென்ரோகு ரகுகோ ஷின்ஜூ’. சண்டை இல்லை, மந்திரம் இல்லை. சிறையிலிருந்து வெளியே வந்த ஒருவன் நேராகப் போய் ஒரு ரகுகோ கலைஞரிடம் சீடனாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறான். ரகுகோ என்றால், ஒற்றை ஆள் மெத்தையில் உட்கார்ந்து, கையில் ஒரு விசிறியும் துண்டும் மட்டும் வைத்துக்கொண்டு, தலையை இப்படித் திருப்பினால் மாமியார், அப்படித் திருப்பினால் மருமகன் என்று ஊரையே நடித்துக் காட்டுவது. நம் கதாகாலட்சேபத்திலிருந்து சாமியை எடுத்துவிட்டுச் சாராயக் கடையை உள்ளே வைத்தது போல. முதல் அத்தியாயத்திலேயே ஒரு முழு நிகழ்ச்சி வரும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். யாகுமோ என்ற அந்தக் கலைஞருக்கு இளமையிலிருந்து கிழப் பருவம் வரை குரல் கொடுத்தவர் அகிரா இஷிதா என்ற ஒரே ஆள். குரலுக்கு எப்படி நரை ஏறுகிறது என்று கேட்பதற்காகவே நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டோம்.

அன்று கீழ் வீட்டு மராத்திக்காரர் ஏதோ பில் கொடுக்க மாடிக்கு வந்தார். நின்றபடியே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது நம்ம பு. ல. செய்தது இல்லையா?” என்றார். நமக்கு விளங்கவில்லை. பு. ல. தேஷ்பாண்டே, ‘படாட்யாச்சீ சாள்’ என்று மும்பைச் சாள் ஒன்றின் மொத்தக் குடித்தனங்களையும் தனி ஆளாக மேடையில் பேசிக் காட்டியவர் என்று அவர்தான் சொன்னார். ஜப்பான் வரை போய்விட்டு வந்து பயண நூல் எழுதியவரும் அவரே. இப்போது நீங்கள் கூடப் போகிற சிங்ககட் சாலைப் பூங்கா இருக்கிறதே, ஒகயாமா நகரத்தின் கொராகுயென் தோட்டத்தைப் பார்த்து அமைத்தது, அதற்கு யார் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று போகும்போது வாசலில் படித்துப் பாருங்கள். இதற்காகவாவது ரகுகோவைப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டாமா? நான் கோபப்படவில்லை. கொஞ்சம் படுகிறேன்.

2017 மழைக்காலத்தில் இரண்டு படங்களை ஒரே வாரத்தில் பார்த்தோம். இரண்டும் 2016இல் ஜப்பானில் வெளியானவை. மகோட்டோ ஷின்காயின் ‘யுவர் நேம்’ படத்தில், பையன் உடம்புக்குள் புகுந்துவிட்ட பெண் அவன் நண்பர்கள் முன்னால் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்வது என்று தெரியாமல் வதாஷி, வதாகுஷி, போகு, ஓரே என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறாள். நான்கும் ‘நான்’தான். கடைசிச் சொல் வந்த பிறகுதான் நண்பர்கள் தலையாட்டுகிறார்கள். ஆங்கிலம் அங்கே திணறியது. இந்த இடத்தில் தமிழும் கை கொடுக்காது என்று அக்கா ஒத்துக்கொண்டார். நமக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ‘நான்’. ஆனால் தலைப்பில் தமிழ் ஜெயித்தது. ஜப்பானியத் தலைப்பு வாக்கியத்தை முடிக்காமல் “உன் பேரு…” என்று இழுத்து நிற்கிறது. மரியாதைப் பன்மை இல்லாத ‘உன்’. கூட ஒரு வினைச்சொல்லும் வேண்டாம். தமிழில் அப்படியே நிற்கும்.

அதே படத்தில் பள்ளி வகுப்பில் அந்திப் பொழுதுக்கான பழைய சொல்லை ஆசிரியை விளக்குவார். எதிரே வருவது யார் என்று முகம் தெரியாமல் கேட்கிற நேரம் என்பதிலிருந்து வந்த சொல். கொங்கு நாட்டுக்காரன் நான் உடனே நிறுத்தச் சொன்னேன். என் வாழ்க்கையில் நானே நிறுத்தச் சொன்ன ஒரே தடவை. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் மசங்கல். “மசங்கல்ல வராதே, ஆளடையாளம் தெரியாது” என்று அம்மாயி சொல்லும் அதே நேரம். அந்த நேரத்தில் இருவரும் சந்திக்கும் மலைமேல் காட்சி முழுவதும் எனக்கு மசங்கல்தான்.

மற்றது நவோகோ யமாடா இயக்கிய ‘எ சைலன்ட் வாய்ஸ்’. காது கேளாத ஷோகோ, சின்ன வயதில் தன்னைக் கொடுமைப்படுத்திய பையனிடம் தன் குரலாலேயே மனதைச் சொல்ல முயல்கிறாள். ‘சுகி’ என்கிறாள், பிடித்திருக்கிறது என்று. அவன் காதில் ‘ட்சுகி’ என்று விழுகிறது, நிலா. ஆமாம், நிலா அழகாக இருக்கிறது என்று மேலே பார்க்கிறான். அக்கா நிறுத்தவில்லை. படம் முடிந்த பிறகுதான் சொன்னார். ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டதற்கு, “அவளே நிறுத்தி நிறுத்தித்தான் பேசறா” என்றார்.

அந்தப் படத்தை எடுத்த கியோட்டோ அனிமேஷன் பற்றி நமக்கு அப்போது அதிகம் தெரியாது. 1981இல் யோகோ ஹட்டா என்ற பெண் அக்கம்பக்கத்துக் குடும்பப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, மற்ற நிறுவனங்களின் படங்களுக்கு வண்ணம் தீட்டித் தரும் வேலையாகத் தொடங்கியது அது. ஓவியர்களை வரையும் ஒவ்வொரு படத்துக்கும் இவ்வளவு என்று கூலிக்குப் பிடிக்கும் தொழிலில், சம்பளம் கொடுத்து, பயிற்சி கொடுத்து வைத்திருந்தார்கள். 2019 ஜூலை 18 காலை ஒருவன் உள்ளே புகுந்து பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினான். 36 பேர் இறந்தார்கள். ஷோகோவின் முகத்தை வடிவமைத்த ஃபுதோஷி நிஷியா இறந்தார். அந்தப் படத்தின் வண்ணங்களைத் தீர்மானித்த நவோமி இஷிதா இறந்தார். ‘அகிரா’விலும் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்’ படத்திலும் வேலை பார்த்த மூத்தவர் யோஷிஜி கிகாமி இறந்தார். அன்று மாலை அறையில் நாம் படம் போடவில்லை. இந்தப் பெயர்களை அதற்கு முன் நம்மில் ஒருவரும் உச்சரித்ததில்லை என்பதுதான் என்னை அறுத்தது. ஒவ்வொரு ‘நான்’ எந்த வகை ‘நான்’ என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டவர்கள், முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலை மட்டும் ஒரு தடவைகூட நிறுத்தியதில்லை. தாவிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவோம்.

காசும் கொடுத்ததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஜப்பானிய அனிமேஷன் கலைஞர்களின் சங்கம் 2015இல் வெளியிட்ட கணக்கின்படி, இரண்டு முக்கிய நிலைகளுக்கு நடுவே அசைவை நிரப்பும் படங்களை வரைபவர்களின் சராசரி வருமானம் வருஷத்துக்குச் சுமார் 11 லட்சம் யென். மாதம் ஒரு லட்சம்கூடத் தேறாது, டோக்கியோ விலைவாசியில். ‘ஷிரோபாகோ’ தொடரில் அவர்கள் மேசையில் தலைவைத்துத் தூங்குவதைப் பார்த்துச் சிரித்தோம், அதுவும் இரண்டு மணிக்கு இலவசமாக இறக்கி. அந்த நாட்களில் காசு கொடுத்துப் பார்க்க இங்கே வழி குறைவு, அனிமேக்ஸ் சேனல்கூட 2017 ஏப்ரலில் போய்விட்டது என்று நியாயம் சொல்லலாம். நானும் சொல்லியிருக்கிறேன். அந்தத் தீவைப்புக்குப் பிறகு உலகம் முழுவதிலிருந்தும் 300 கோடி யென்னுக்கு மேல் நன்கொடை சேர்ந்தது. அதில் நம் அறையின் பங்கு இரண்டு வார மிசள் டிபன் செலவு. பெருமைக்காகச் சொல்லவில்லை, எவ்வளவு தாமதம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதே 2019 செப்டம்பர் 25 இரவு புனேயில் கொட்டிய மழையை மறந்திருக்க மாட்டீர்கள். கத்ரஜ் பக்கமிருந்து வரும் ஆம்பில் ஓடை கரை உடைத்து வீடுகளுக்குள் புகுந்தது. சுவர்கள் இடிந்தன, பலர் செத்தார்கள். நம்மில் இரண்டு பேரின் வண்டிகள் மறுநாள் வேறு தெருவில் கிடைத்தன. பதினாறே நாள் கழித்து, அக்டோபர் 11 அன்று, ஷின்காயின் ‘வெதரிங் வித் யூ’ இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. இங்கே வெளியிடச் சொல்லி அரை லட்சத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டு வாங்கிய படம், நம் பெயர்களும் அதில் உண்டு. இயக்குநரே டெல்லிக்கு வந்துவிட்டுப் போனார். விமான் நகரில் டிக்கெட் எடுத்தோம், முதன்முறையாகக் காசு கொடுத்து.

படம் என்ன சொல்கிறது? ஒரு பெண் தன்னைப் பலி கொடுத்தால் மழை நிற்கும். பையன் அவளை இழுத்து வந்துவிடுகிறான். மழை மூன்று வருஷம் பெய்கிறது, டோக்கியோ மூழ்குகிறது, போகட்டும் என்கிறது படம். கர்வே நகர் அறையாக இருந்திருந்தால் அங்கே நிறுத்தியிருப்போம், விடிய விடியச் சண்டை போட்டிருப்போம். திரையரங்கில் நிறுத்த முடியாதே. இருட்டில் அக்காவின் கை முன் இருக்கையின் முதுகில் ஒரு முறை தட்டியதைப் பார்த்தேன். ஸ்பேஸ் பார் அங்கே இல்லை. சேறு காயாத பேட்டைகளைத் தாண்டி பஸ்ஸில் திரும்பும்போது ஒருவன் மட்டும், “ஊர் மூழ்கினா யார் வீடு முதல்ல மூழ்கும்னு அந்தப் பையனுக்குத் தெரியாது” என்றான். அவன் வீடு ஓடைக்கரையில். படத்தை எனக்கு இன்றும் பிடிக்கும். அவன் சொன்னதற்குப் பதில் இன்றும் தெரியாது. என் கணக்கில் அது நிறுத்தமே இல்லாத படம், அதனால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது காலம் மாறிவிட்டது. 2025 செப்டம்பர் 12 அன்று ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்’ தமிழிலேயே திரையரங்குக்கு வந்தது. என் கூடப்பிறந்த அக்காவின் மகன் எழுத்துப் படிக்காமல், எதையும் நிறுத்தாமல் பார்த்துவிட்டு வந்து முழுக் கதையும் சொன்னான். பொறாமையாக இருந்தது. ஷின்சானைத் தமிழில் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புதிதும் இல்லை. தமிழில் குரல் கொடுப்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: அரசனுக்கு ‘யாம்’ கொடுங்கள், கோதுமைப் பெண்ணுக்கு எங்கள் ஊர்ப் பேச்சைக் கொடுங்கள். எல்லோரையும் ஒரே செய்தி வாசிப்புத் தமிழில் பேச வைத்தால் பழைய ஆங்கில எழுத்துக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது.

கூட்டத்துக்கு வருகிறேன். கோவை–குர்லா வண்டியில் இடம் போட்டாகிவிட்டது. பழைய ஹார்ட் டிஸ்க் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் அதைத் தேடி எடுத்து வையுங்கள், சத்தம் போட்டால் குலுக்க வேண்டாம். பூங்கா மூடிய பிறகு யாராவது ஒருவர் வீட்டுக்குப் போகலாம். ‘எ சைலன்ட் வாய்ஸ்’ போடுவோம். அக்காவை மடிக்கணினிக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். படம் முடிந்ததும் யாரும் எழுந்து விளக்கைப் போடாதீர்கள். அந்தப் பெயர்கள் ஓடும்போது நான் நிறுத்தச் சொல்வேன்.

அன்புடன்,
மூன்றாம் மாடியில் சன்னலோரம் படுத்திருந்தவன்